சிறுதேர் செய்வோம்

இந்தியச் சுங்க வரிப் பட்டியலில் 9503 என்று எண்ணிட்ட தலைப்பு ஒன்று உண்டு. மூன்று சக்கரச் சைக்கிள், பாவை, பாவையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டி, புதிர் விளையாட்டு ஆகியவை அதில் ஒரே வரிசையில் நிற்கின்றன. அவற்றோடு தோள் உரசி நிற்பது, 'அளவு குறைத்துச் செய்த மாதிரிகள்' என்னும் இனம். தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் கிலுகிலுப்பைக்கு என்ன வரியோ, அதே வரிதான் வாரக்கணக்கில் உட்கார்ந்து உறுப்பு உறுப்பாகப் பொருத்த வேண்டிய மோட்டார் மாதிரிக்கும். 2020ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அந்த வரி 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாயிற்று. 2023இல் அது 70 ஆயிற்று.

எது விளையாட்டு, எது பயிற்சி என்று ஆராய்ந்துகொண்டிருக்கச் சுங்கத் துறையினருக்கு நேரம் ஏது? அவர்களை நான் நோகவில்லை. மாணவ அன்பர்களே, பல்கலைக் கழகத்தில் அறிவியல் பயிலும் நாமும் அதே பட்டியலைத்தான் மனத்தில் மாட்டி வைத்திருக்கிறோம். என் வருத்தம் அதுதான். "முதுகலையில் பௌதிகம் படிக்கிறான், அறைக்குப் போனால் பொம்மைக் கார் ஒட்டிக்கொண்டிருக்கிறான்" என்று நகைக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. நல்லவர்கள், என்னோடு ஒரே தட்டில் உண்பவர்கள். ஆயினும் அவர்கள் கூற்றை மறுக்க வேண்டியிருக்கிறது.

தமிழர்க்கு இது புதிய பொருளன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் இறுதிப் பருவம் சிறுதேர். பெரும்பாணாற்றுப்படையிலே, ஏறி ஊர முடியாத, கையால் உருட்டி மகிழ்வதற்கென்றே செய்த தேர் ஒன்று வருகிறது. தச்சர் வீட்டுச் சிறுவர்களும் கண்டு ஆசைப்படும் வண்ணம் அது புனையப்பட்டிருந்ததாம். தச்சர் வீட்டுச் சிறுவர்கள்! பிறந்த நாள் முதல் தேரும் சக்கரமும் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்கள் ஆசைப்பட வேண்டுமானால் அந்தச் சிறுதேர் எவ்வளவு திருத்தமாய் இருந்திருக்க வேண்டும்? ஆகவே இனி இக்கட்டுரையில் நான் பொம்மை என்றும் சொல்லப் போவதில்லை, மாதிரி என்றும் சொல்லப் போவதில்லை. சிறுதேர் என்றே சொல்வேன்.

என் மேசைமேல் நிற்கும் சிறுதேர், 1983இல் ஜப்பானில் வெளிவந்த ஒரு மோட்டாரின் 24இல் ஒரு பங்கு. டொயோட்டா நிறுவனத்தின் ஸ்பிரிண்டர் டிரூனோ. ஏஇ86 என்று சொன்னால் நம்மில் பலர் நிமிர்ந்து உட்காருவார்கள். ஷுயிச்சி ஷிகேனோ 1995இல் தொடங்கிய 'இனிஷியல் டி' படக்கதையில், மலைப்பாதையில் டோஃபு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞன் ஓட்டும் கருப்பு வெள்ளை வண்டி அதுவே. விலை உயர்ந்த பந்தயக் காரன்று. குடும்பக் காரான கொரோலாவின் உடன்பிறப்பு. கொரோலா வரிசையின் புதிய வண்டிகள் முன்சக்கர இயக்கத்துக்கு மாறிய காலத்தில், இதுவும் இதன் இரட்டைப் பிறவியான லெவினும் மட்டும் பழைய பின்சக்கர இயக்கத்தோடே நின்றன. எஞ்சின் 1587 கன சென்டிமீட்டர். நம் நாட்டில் முதல் மாருதி 800 வண்டியின் சாவி உரியவர் கைக்குப் போனதும் அதே 1983ஆம் ஆண்டு, டிசம்பர் 14ஆம் நாள். அதன் எஞ்சின் 796; கிட்டத்தட்டச் சரி பாதி. இந்த இரண்டையும் ஏன் சேர்த்துச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

பெட்டியைச் சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த அத்தான் கொண்டுவந்து கொடுத்தார். திறந்தால், சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக். வேப்பங்காம்பில் இலை ஒட்டியிருப்பதுபோல் உறுப்புகள் ஒட்டியிருக்கும். நறுக்கு, தேய், ஒட்டு, வண்ணம் பூசு என்று படம் போட்ட தாள் ஒன்று. அந்தத் தாளின்படியே செய்து முடித்தால் பத்து நாளில் பார்க்க அழகான ஒரு கார் கிடைக்கும். அதோடு நிறுத்திக்கொள்வோர் உண்டு. தவறில்லை. ஆனால் தாள் முடிகிற இடத்தில்தான் பௌதிகம் தொடங்குகிறது என்பது என் துணிபு.

24 என்ற எண் எங்கிருந்து வந்தது? அடிக்கணக்கிலிருந்து. ஓர் அடியை அரை அங்குலமாகச் சுருக்கினால் 24இல் ஒரு பங்கு. தச்சன் கையிலிருந்த அடிக்கோல்தான் இதற்குத் தாய். டிரூனோவின் முன் இருசுக்கும் பின் இருசுக்கும் இடையே 2400 மில்லிமீட்டர். வகுத்தால் சரியாக 100. இப்படி ஓர் அளவு உறுதியாகக் கிடைத்துவிட்டால், பக்கவாட்டில் எடுத்த ஒரு புகைப்படத்தை வைத்துக்கொண்டே மற்ற அளவுகளை எல்லாம் கணக்கிட்டுவிடலாம். நீளம் 24 மடங்கு குறைந்தால் கன அளவு 13,824 மடங்கு குறையும் என்பதைப் பள்ளியில் படித்தோம், மதிப்பெண்ணும் வாங்கினோம். ஏறத்தாழ 940 கிலோ எடையுள்ள காரை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 68 கிராம்! ஒரு பெரிய கோழிமுட்டையின் எடை. அந்த விடையைக் கையில் ஏந்திப் பார்க்கும்போது வருகிற வியப்பு, தேர்வுத்தாளில் எழுதும்போது வந்ததில்லை.

ஆனால் எல்லாமும் சேர்ந்து சுருங்குவதில்லை. இதுதான் இக்கலையின் உயிர்நிலை. உண்மைக் காரின் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம். என் சிறுதேரின் பிளாஸ்டிக் சுவர் ஒன்றரை மில்லிமீட்டர். அதை 24ஆல் பெருக்கினால் 36 மில்லிமீட்டர் வரும். கோட்டைக் கதவுகூட அவ்வளவு தடிப்பாய் இருக்குமோ என்னவோ! சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் விளிம்பில் இந்தத் தடிப்பு கண்ணை உறுத்தும். உள்பக்கமாகச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, விளிம்பை மட்டும் காகிதம்போல் மெலிதாக்க வேண்டும். கதவுக்கும் உடலுக்கும் நடுவே உண்மையில் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், இங்கே 0.2 மில்லிமீட்டர். அதன்மேல் 0.1 மில்லிமீட்டர் கனத்துக்கு வண்ணத்தைப் பூசிவிட்டால், அது உண்மைக் காரின்மேல் இரண்டரை மில்லிமீட்டர் சாந்து பூசியதற்குச் சமம். கோடு மூழ்கிப் போகும். ஆகையால் பூசுவதற்கு முன்பே கத்தியின் முதுகால் கோட்டை ஆழப்படுத்த வேண்டும். இருக்கைப் பட்டை இரண்டு மில்லிமீட்டர் ரிப்பன். கருப்பு வெள்ளை என்றால் வெள்ளையை முதலில் பூசிக் காயவிட்டு, மறைத்துக் கட்டிய பிறகே கருப்பு; முறை மாற்றினால் வெள்ளை என்றும் வெள்ளையாகாது.

எனக்கு வந்த பெட்டியில் எஞ்சின் கிடையாது. முன்மூடியை அறுத்துத் திறந்து, மெல்லிய பிளாஸ்டிக் தகடுகளால் நான்கு சிலிண்டர் எஞ்சினைக் கட்டினேன். தீப்பொறிக் குச்சிக்குப் போகும் கம்பி உண்மையில் ஏழு மில்லிமீட்டர் தடிப்பு. எனக்கு வேண்டியது 0.3. குஷாய்குடாவில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் தெலுங்கில் என்னவோ சொல்லிச் சிரித்தார்; பிறகு கேஜ் பார்த்து, எரிந்துபோன காயிலிலிருந்து ஒரு முழம் செப்புக் கம்பியை அறுத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். முடித்துக் கொண்டுவா, பார்க்க வேண்டும் என்றார்.

"மூடியை மூடிவிட்டால் எஞ்சின் யாருக்குத் தெரியும்?" என்று கேட்பார்கள். கோபுரத்தின் ஏழாம் நிலையில் இருக்கும் சுதைச் சிற்பத்தின் விரல் நகம் யாருக்குத் தெரிகிறது? அதற்காகச் சிற்பி நகத்தை விட்டுவிட்டானா? பழைய வண்டியைத் திருத்துவது வீண் என்பார்க்கும் ஒரு சொல்: 2023 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலோன் கண்காட்சிக்கு டொயோட்டா நிறுவனமே இந்தப் பழைய வண்டிகளில் இரண்டைக் கொண்டுவந்து நிறுத்தியது. டிரூனோவின் எஞ்சின் ஹைட்ரஜன் எரிக்கும்படி திருத்தப்பட்டிருந்தது. லெவினில் மின்கலமும் மின்மோட்டாரும் ஏறியிருந்தன. செய்தவர்களே நாற்பது ஆண்டுக்குப் பின் திருத்த வருகிறார்கள். (பின்னால் பெரிய இறக்கை ஒட்டி, நாலு பக்கமும் பளபளப்புக் காகிதம் ஒட்டுவதையும் திருத்தம் என்று சொல்லிக்கொள்வோர் உண்டு. அதை நான் சேர்க்கவில்லை.)

இவ்வளவும் கண்ட பிறகும் எனக்குத் தெரியாதிருந்த ஒன்றைச் சித்தப்பா காட்டினார். சித்தப்பா செர்லபல்லியில் ஒரு சிறு டூல் ரூமில் வேலை செய்கிறார். ஊரிலிருந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வந்தவர். பெட்டியிலிருந்த சட்டத்தை வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்து, காரைப் பார்க்காமல் அச்சைப் பார்த்தார். "இங்கே பாருடா, உள்பக்கம் வட்ட வட்டமாத் தழும்பு. எஜெக்டர் பின் தள்ளின இடம். வெளியே ஒண்ணுகூடத் தெரியாத மாதிரி வச்சிருக்கான்" என்றார். அச்சின் இரு பாதிகளும் சேரும் கோடு எங்கே ஓடுகிறது, உருகிய பிளாஸ்டிக் எந்த வாயில் வழியாக உள்ளே புகுந்தது, அச்சிலிருந்து கழன்று வருவதற்காக எந்தச் சுவரை இம்மியளவு சாய்த்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். புகைபோக்கிக் குழாய் ஏன் துளையின்றிக் கட்டையாக வந்தது? துளையின் திசையும் அச்சு திறக்கும் திசையும் வேறு. அதனால் அந்தத் துளையை நான்தான் போட வேண்டியதாயிற்று. நான் 'குறை' என்று எண்ணித் திருத்திய இடமெல்லாம், அச்சு செய்தவன் எஃகோடு மல்லுக்கட்டி விட்டுக்கொடுத்த இடங்கள். என் திருத்தம் எல்லாம் அவன் விட்ட இடத்தில் தொடங்கிய வேலைதான்.

அந்த அச்சு பிறந்த ஊர் ஷிசுவோகா. ஜப்பானின் பிளாஸ்டிக் சிறுதேர்களில் பெரும்பங்கு அந்த ஒரு வட்டாரத்திலிருந்தே வருகிறது. அது மரவேலைக்குப் பேர்போன ஊர். ஆஓஷிமா நிறுவனம் அங்கே 1924இல், மரத்தாலான விமான மாதிரிகளோடு தொடங்கியது. ஹசேகவா 1941. ஃபுஜிமி 1948. எல்லாரினும் பெயர் பெற்ற தமியா, 1946இல் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கியது; 1951இல் தீப்பிடித்து மரம் முழுதும் எரிந்துபோனது. மிஞ்சியது சிறு மரமாதிரித் தொழில். 1960இல் யமாட்டோ என்னும் போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தார்கள். போட்டியாளர் அதைவிட மலிவாக விற்றதால் நட்டம். அடுத்து ஒரு டாங்கி. அதன் அளவு 35இல் ஒரு பங்காக அமைந்தது ஆழ்ந்த ஆராய்ச்சியால் அன்று. உள்ளே மின்கலமும் மோட்டாரும் புக இடம் வேண்டும் என்று உருவத்தை அமைத்தார்கள், பிறகு அளந்து பார்த்தால் 35! அந்த எண் இன்று உலகெங்கும் நிலைத்துவிட்டது. அச்சுக்கு வெளியாரை நம்பிப் பயனில்லை என்று கண்டு, தமக்கென ஓர் அச்சுப் பட்டறையையும் வைத்துக்கொண்டார்கள். எழுபதுகளில் போர்ஷே காரின் சிறுதேர் செய்வதற்காக, அந்நிறுவனத்தின் ஷுன்சாகு தமியா ஒரு போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கி, திருகு திருகாகக் கழற்றி ஆராய்ந்தார். 2025இல் தமது 90ஆம் அகவையில் அவர் மறைந்தார்.

அக்காலத்தில் அச்சு செய்த முறையும் கருதத்தக்கது. முதலில் மரத்தில், வேண்டிய அளவைவிடப் பெரிதாக மூல உருவைச் செதுக்குவார்கள். பிறகு பான்டோகிராஃப் என்னும் கருவியால் அதைச் சுருக்கி எஃகில் வெட்டுவார்கள். மரத்தச்சன் கையிலிருந்த நுட்பம் வீணாகவில்லை; பிளாஸ்டிக் யுகத்துக்குள் கூடவே நடந்து வந்தது.

இப்போது குஷாய்குடாவுக்கு வருகிறேன். 1967இல் ஈ.சி.ஐ.எல். நிறுவனம் வந்தது. அதன் பின்னர் அணு எரிபொருள் வளாகம். இவற்றைச் சுற்றிக் குஷாய்குடா, செர்லபல்லி, மௌலாலி, மல்லாப்பூர், நாச்சாரம் எங்கும் சிறு பட்டறைகள் முளைத்தன. நகரின் மறுபக்கம் பாலாநகரில், கருவியும் அச்சும் செய்யக் கற்பிக்கும் மத்திய நிலையம் 1968 முதல் நடக்கிறது. எஃகும் உண்டு, எந்திரமும் உண்டு, நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கு வேலை செய்யும் கையும் உண்டு. அந்தக் கை என்ன செய்கிறது? புட்டி மூடி செய்கிறது. சுவிட்சுப் பெட்டி செய்கிறது. சித்தப்பா சென்ற ஆண்டு முழுதும் ஒரு வாளிக் கைப்பிடியின் அச்சைப் பழுது பார்த்தார். மூடியும் வாளியும் வேண்டாம் என்று யார் சொன்னார்? அவை சோறு போடுகின்றன. ஆனால் ஷிசுவோகாக்காரனின் தழும்பை ஒரே பார்வையில் படித்த கண்ணுக்கு அது போதுமா?

சித்தப்பாவின் மகன் டூல் ரூமுக்கு வரமாட்டேன் என்கிறான். கையில் எண்ணெய்க் கறை படியும் வேலைக்கு மதிப்பில்லை என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். யாரோ என்ன, நாம்தான்! கல்யாண வீட்டில் "அண்ணன் எம்.எஸ்ஸி. படிக்கிறான், இவன் ஐ.டி.ஐ.தான்" என்று சொல்லும்போது அந்தத் 'தான்' என்னும் ஓரெழுத்துக் குறையாத இழிவுச் சொல்லைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நாம். ஆய்வுத் திட்டத்தைக் கடையில் விலைக்கு வாங்கி அட்டை போட்டுக் கொடுத்துப் பட்டம் பெறுகிறவன் மேல். எஃகுக்குள் காரின் முகத்தைத் தலைகீழாகக் கற்பனை செய்து வெட்டத் தெரிந்தவன் கீழ். இது என்ன நீதி?

வரிச்சுவர் எழுப்பி ஆண்டுகள் சென்றுவிட்டன. அதன் நிழலில் உள்நாட்டுப் பொம்மைத் தொழில் வளர்ந்தது. இறக்குமதி பெரிதும் குறைந்தது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஐதராபாத்திலும் சென்னையிலும் நான் ஏறி இறங்கிய கடைகளில், பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் கார் கிடைக்கிறது. நாமே பொருத்திச் செய்யும்படி நம் நாட்டு மோட்டாரின் சிறுதேர்ப் பெட்டி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வரியை நீக்கு என்று கூக்குரல் இடுவது எளிது. நீக்கினால் ஜப்பான் பெட்டி மலிவாகும், மகிழ்ச்சிதான். அப்போதும் நாம் வாங்குகிறவர்களே. எனக்கு அது போதவில்லை.

முப்பரிமாண அச்சுப்பொறி வந்துவிட்டதே, எஃகு அச்சு எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். ஒன்றோ பத்தோ வேண்டுமானால் அதுவே சரி. முதல் உருவைச் சரிபார்க்கவும் நன்று. ஆயிரம் பெட்டி மலிவாக வேண்டுமென்றால் எஃகுதான். முகம் பார்க்கும் அளவு வழவழப்பும் எஃகில்தான். பெருஞ்செலவாகுமே என்றார். ஆகும். முழுக் காரின் அச்சை முதல் நாளே வெட்ட வேண்டும் என்று யார் சொன்னார்? வண்டிக் கம்பெனியிடம் உரிமம் பெறாமல் அதன் உருவத்தை விற்க முடியாது என்றார். மெய்தான், விற்கும் நாள் வரும்போது எழுதிக் கேட்போம். கற்றுக்கொள்வதற்கு ஒன்று செய்து பார்க்கலாமே.

எதைச் செய்வது? 1985இல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு 2000 என் மனத்துக்கு நெருக்கமானது. ஆனால் அளவெடுக்க வண்டிக்கு எங்கே போவது? மாருதி 800 அப்படியன்று. 2014இல் உற்பத்தி நின்றும் இன்னும் தெருவில் நிற்கிறது. நம் வீடுகளில் பாதிப் பேர் முதன்முதல் ஏறிய கார் அது. டிரூனோவோடு ஒரே ஆண்டில் பிறந்தது. இரண்டையும் ஒரே மேசையில் அருகருகே நிறுத்தினால் அந்த ஆண்டில் இரு நாடுகளும் எங்கே நின்றன என்பது சொல்லாமலே விளங்கும்.

சக்கரத்திலிருந்து தொடங்கலாம் என்கிறார் சித்தப்பா. மாருதியின் சக்கர வட்டு 12 அங்குலம். 24இல் ஒரு பங்கு சரியாக அரை அங்குலம். வட்டமான பொருள் என்பதால் அச்சின் பெரும்பகுதி லேத்திலேயே முடிந்துவிடும். பட்டறை முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் எந்திரத்தைத் தொட இசைந்திருக்கிறார். ஓர் எஃகுக் கட்டையும் ஒதுக்கி வைத்தாயிற்று. வரைபடம் போடத் தெரிந்த ஒருவரும், என்னைவிட நன்றாகத் தெலுங்கு பேசத் தெரிந்த ஒருவரும் வேண்டும். முதல் வேலை, ஈ.சி.ஐ.எல். நாற்சந்திப் பக்கம் நிற்கும் ஒரு பழைய மாருதியை, உரியவரிடம் கேட்டுக்கொண்டு அளப்பது. டேப்பும் வெர்னியரும் என்னிடம் இருக்கின்றன. வருகிறவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு முன் வந்துவிடுங்கள். வெயில் ஏறினால் தகடு சுடும்.